மெத்தைக்கு வாசனைக் காவல்

ஆரஞ்சுத் தோலை வெள்ளைப் பக்கம் மேலே வருகிற மாதிரி வைப்பதா, நிறப் பக்கம் மேலே வருகிற மாதிரியா என்று ஜூஸ் கடை முத்துக்காளை சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் அதற்கும் ஒரு விலை சொல்லியிருப்பான். குப்பைக்குப் போகிற தோல், கூடையில் ஈ மொய்த்துக் கிடக்கிறது, அதைக் கேட்டதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறான். "தோலை ஒருத்தர் பொடி பண்ணக் கேட்டிருக்காருக்கா" என்று இழுத்தான். பேச்சில் இழுவை வந்தால் பின்னால் விலை வருகிறது என்று அர்த்தம். "குப்பை வண்டிக்காரன் உன்னத் தினம் வைறான். நான் அள்ளிட்டுப் போறேன். நியாயத்துக்கு நீதான் எனக்கு ஒரு ஜூஸ் போட்டுக் குடுக்கணும்" என்றேன். சிரித்துவிட்டான். பேரத்தில் முதலில் சிரித்தவன் தோற்றவன். ஜூஸையும் குடித்துவிட்டுத்தான் தோலை அள்ளி வந்தேன். ஆனால் ஜூஸ் இனிக்கவில்லை. காலையில் அந்தப் பேச்சு பேசியதிலிருந்து வாயில் எதுவும் இனிக்கவில்லை. அது கிடக்கட்டும். இப்போது தோல். கட்டிலின் விளிம்பு முழுக்க, மெத்தையைச் சுற்றி, வயலுக்கு வரப்புக் கட்டுகிற மாதிரி வைத்துக்கொண்டு போகிறேன், ஒன்று வெள்ளைப் பக்கம், ஒன்று நிறப் பக்கம், எது பூனைக்குப் பிடிக்காதோ அது பிடிக்காமல் போகட்டும். நகத்தால் கீறினால் சாறு பீய்ச்சிக் கண்ணில் அடிக்கிறது. மனுஷனைவிடப் பூனைக்கு மூக்கு அதிகம் என்கிறார்கள். எனக்கே இப்படி எரிகிறது என்றால் அதற்கு எப்படி எரியும். எரியட்டும். ஆனால் அவ்வளவு மூக்கு இருக்கிற ஜீவன், தான் போன மூத்திரத்தின் நாற்றத்தை எப்படித்தான் பொறுத்துக்கொள்கிறதோ. தன் நாற்றம் தனக்குத் தெரியாது போலிருக்கிறது. யாருக்குத்தான் தெரிகிறது.

இரட்டை மெத்தை, கல்யாணச் சீருக்கு ஒருத்தர் சொல்லி வைத்தது. நாளைக் காலை பெண்ணின் தாய்மாமன் வண்டியோடு வருகிறான். எங்கள் போடிப் பக்கத்தில் இதற்கு ஒரு முறை இருக்கிறது, மெத்தையைத் தாய்மாமன்தான் தூக்க வேண்டும், தூக்குவதற்கு முன்னால் குனிந்து ஒரு தரம் முகர்ந்து பார்ப்பான். புது இலவம்பஞ்சுக்கு ஒரு வாசனை உண்டு, வெயிலில் கிடந்த உமி மாதிரி. பழம்பஞ்சை அடித்துப் போட்டிருந்தால் அந்த வாசனை வராது. மற்ற எதில் ஏமாந்தாலும் ஏமாறுவான், இதில் ஏமாற மாட்டான், ஏனென்றால் அவனைச் சுற்றிச் சொந்தபந்தம் நின்று பார்த்துக்கொண்டிருக்கும். அப்படிப்பட்ட மெத்தையில்தான் காலையில் ஷட்டரைத் தூக்கியதும் அந்த வீச்சம் வந்து மூக்கில் குத்தியது. இரண்டில் ஒன்று, மேலே கிடந்தது, ஒரு ஓரம் முழுக்க ஈரம், அடியில் கிடந்தது தப்பித்தது, அதற்குத்தான் இப்போது இந்த ஆரஞ்சு வரப்பு. இலவம்பஞ்சு தண்ணீர் குடிக்காது, அது ஒன்றுதான் அதிர்ஷ்டம். பூனை போனது உள்ளே இறங்காமல் துணியிலேயே வழிந்து, தையல் ஓரமாக ஓடி, மூலையில் தேங்கி நின்றது. பஞ்சு தப்பித்தது, துணி போனது. தையலைப் பிரித்துப் பஞ்சைக் கொட்டி வலை போட்டு மூடி, துணியை வினிகரில் ஊறப்போட்டு அலசிப் பின்வாசலில் காயப் போட்டிருக்கிறது. காய்ந்துவிட்டது. நான் தொட்டுப் பார்த்துவிட்டேன், முகர்ந்தும் பார்த்துவிட்டேன், ஊறுகாய் வாசம் லேசாக இருக்கிறது, வெயில் அதையும் தின்றுவிடும். இனிப் பஞ்சை அடைத்துத் தைக்க வேண்டியதுதான். தைக்கிறவள்தான் இல்லை.

ஜைத்தூன். கடையில் மெத்தை தைக்கிறவள். நான் தலையணைகளைத் தலையில் சுமந்து தெருத் தெருவாக விற்ற காலத்தில் உறை தைத்துக் கொடுத்தவள், நான் ஷட்டர் போட்ட கடைக்கு வந்தபோது ஊசி டப்பாவோடு கூடவே வந்து உட்கார்ந்தவள். மத்தியானம் இரண்டு பேரும் ஒரே பாயில் சாப்பிடுகிறோம், நான் கத்தினால் எதிரே தலையைக் குனிந்துகொண்டு அவள் ஊசி நூல் கோர்க்கிறாள், கோர்த்து முடிவதற்குள் என் கத்தல் முடிந்துவிடும். இதுதான் எங்கள் கணக்கு. வீட்டில் எனக்கென்று ஒருவரும் இல்லை, அதைப் பற்றி எனக்குக் குறையும் இல்லை, நாளெல்லாம் பேச இவள் இருக்கிறாள். இவளுக்கு ஒரு பூனை. கடைப் பூனைதான், ஆனால் சோறு போட்டவளுக்குத்தானே சொந்தம். ரொட்டி நிறத்தில் முறுகலாக இருக்கிறது என்று அதற்கு ரஸ்க்கு என்று பெயர் வைத்திருக்கிறாள். காலையில் நாங்கள் தையலைப் பிரிக்கும்போது அந்த ரஸ்க்கு வந்து அவள் முதுகில் உரசுகிறது. மெத்தை நாறுகிறது, என் மானம் நாறப்போகிறது, அது வாலைத் தூக்கிக்கொண்டு செல்லம் கொஞ்சுகிறது, இவள் ஒரு கையால் தையலைப் பிரித்துக்கொண்டே இன்னொரு கையால் அதன் தாடையைச் சொறிந்துவிடுகிறாள். அந்தச் சொறிதலைப் பார்த்ததும்தான். இல்லையென்றால் நான் பேசியிருக்க மாட்டேன். "அக்கா, இது வந்து..." என்று அவள் எதையோ சொல்ல வாயெடுத்தாள். நான் விடவில்லை. "ஒண்ணு இந்தக் கடையில அந்தப் பூனை இருக்கணும், இல்ல மெத்த இருக்கணும். நாளைக்கு நான் அதக் கண்டேன், பாலுல மருந்த வச்சிருவேன். எலி மருந்து. ஒரே சொட்டு" என்றேன். ஊசி நூல் கோர்ப்பாள் என்று பார்த்தேன். கோர்க்கவில்லை. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். "வப்பீக" என்றாள். "நீங்க சொன்னாச் செய்றவுக." அவ்வளவுதான். எழுந்து, துணியை என்னோடு சேர்ந்து அலசிப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு, அதையும் செய்துவிட்டுத்தான், ஊசி டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை. கொடியில் போட்ட துணியின் சுருக்கத்தை நீவிவிட்டுப் போகிறாள், அதுதான்.

சாப்பாட்டுத் தூக்கை விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். அலமாரியில் அப்படியே இருக்கிறது. எடுக்க வருவாள். ஆளை அனுப்பினாலும் அனுப்புவாள். ஆளை அனுப்பினால் முடிந்தது என்று அர்த்தம், தானே வந்தால் பேச இடம் இருக்கிறது என்று அர்த்தம். மத்தியான லுகர் பாங்கு சொல்லி வெகுநேரம் ஆகிவிட்டது, ஆளும் வரவில்லை, அவளும் வரவில்லை. நானே போய்க் கூப்பிடலாம். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. போனால்? போனால் நான் இறங்கினதாக ஆகும். நான் இறங்கினதே கிடையாது. சொன்ன விலை சொன்ன விலைதான், வீருசின்னம்மா வாயிலிருந்து வந்தால் அதில் கால் தூசி குறையாது என்று பஞ்சுப்பேட்டை முழுக்கத் தெரியும். இந்தப் பேர் சும்மா வரவில்லை. முதல் முதலில் நான் வாங்கிய மூட்டையில் மேலே வெள்ளைப் பஞ்சு, நடுவில் விதையும் சக்கையும். திருப்பிக் கொண்டுபோய்க் கேட்டதற்கு, "ஏத்தா, நீ பாத்துத்தான வாங்குன" என்று வியாபாரி வெற்றிலையைத் துப்பினான். அன்றைக்குப் பிறகு மூட்டைக்குள் தோள் வரை கையை விட்டு நடுப்பஞ்சை உருவிப் பார்க்காமல் எதையும் வாங்கியது கிடையாது. மனுஷர்களையும் அப்படித்தான். கையை விடு, நடுவிலிருந்து உருவு, அப்புறம் பேசு. பொம்பளை என்று விலையைக் குறைத்துக் கேட்பான், குரலைக் குறைத்தால் இன்னும் குறைப்பான், அதனால் குரலை ஏற்றி வைத்தேன், ஏற்றியது ஏற்றினபடியே நின்றுவிட்டது. எலி மருந்து என்ற பேச்சும் அந்தக் குரலில் வந்ததுதான். அதை மனதில் வைத்தா சொன்னேன். மனதில் இல்லாததைத்தான் குரல் சொல்லும், அது ஜைத்தூனுக்குத் தெரியாதா, இத்தனை வருஷம் எதிரே உட்கார்ந்திருக்கிறாள். தெரியாதா. தெரியும். தெரிந்தும் "வப்பீக" என்றாள். அப்படியென்றால் அவளும் கையை விட்டு நடுவிலிருந்து உருவிப் பார்த்திருக்கிறாள், அவளுக்குக் கிடைத்தது சக்கை. சை. இந்த நினைப்பே வேண்டாம். ஆரஞ்சு முடிந்தது, அடுத்து காபிச் சக்கை.

காபிச் சக்கையும் பூனைக்கு ஆகாது என்று டீக்கடையில் சொன்னார்கள். ஈரமாகக் கொடுத்தார்கள், அப்படியே வைத்தால் பூஞ்சை பிடிக்கும், துணியில் பட்டால் கறை, கறை பட்ட கல்யாண மெத்தையைத் தாய்மாமன் என் தலையிலேயே போடுவான். அதனால் வெயிலில் உலர்த்தி, கிழிசல் துணியில் சின்னச் சின்ன முடிச்சாகக் கட்டி, கட்டில் கால் ஒவ்வொன்றிலும் தொங்கவிட்டிருக்கிறேன். தாயத்து மாதிரி இருக்கிறது. எலுமிச்சைத் தோல் ஜன்னல் ஓரம். யூகலிப்டஸ் தைலம் பஞ்சில் நனைத்து நாலு மூலையிலும். இந்தத் தைலத்தில்தான் ஒரு சிக்கல். மெடிக்கலில் வாங்கும்போது, எதற்கு என்று கேட்டான், பூனைக்கு என்றேன். "துணியில ஊத்தாதீங்கம்மா. பூனை மேல பட்டு அது நக்குச்சுன்னா வயித்துக்குள்ள போயிரும். செத்தாலும் செத்துப்போகும்" என்றான். சரி என்று தலையை ஆட்டிவிட்டு வந்தேன். பஞ்சில் நனைத்து மூலையில் வைத்தேன். நாலு எட்டு நடந்து வந்தேன். திரும்பிப் போனேன். பஞ்சு தரையில் கிடக்கிறது, பூனை அதை உருட்டி விளையாடினால்? ரஸ்க்கு பஞ்சு உருண்டையைக் கண்டால் விடாது. எடுத்துப் பழைய மூடி போட்ட டப்பாவில் வைத்து, மூடியில் ஆணியால் ஓட்டை போட்டு, அந்த ஓட்டை வழியாக வாசம் மட்டும் வருகிற மாதிரி செய்து மறுபடி மூலையில் வைத்தேன். நாலு டப்பாவுக்கும் ஓட்டை போட்டேன். தரையில் பட்டிருந்த தைலத்தைச் சோப்புத் தண்ணீர் விட்டுத் துடைத்தேன். முழங்காலில் நின்று துடைத்துக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது, மருந்து வைப்பேன் என்றவள் இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறாள் என்று. இதை அவள் பார்க்க வேண்டும். பார்க்க வேண்டிய நேரத்தில் இருக்க மாட்டாள். நான் கத்துவதை மட்டும் ஊரே பார்க்கும், துடைப்பதை ஒருவரும் பார்க்க மாட்டார்கள். அவளிடம் சொல்லலாம், ஆனால் நான் சொன்னால் அது சரக்குக்குச் சொல்கிற பெருமை மாதிரி இருக்கும். விற்கிறவள் பேச்சை எவள் நம்புவாள்.

கை அரிக்கிறது. இலவங்காய் வெடித்துப் புதுப்பஞ்சு வருகிற மாசத்தில் எனக்கு முழங்கை வரைக்கும் தடித்துப்போகும், ராத்திரி பகல் கிடையாது. குப்பைமேனி இலையை உப்பு மஞ்சள் வைத்து அரைத்துப் போட்டால் கேட்கும். இந்தத் தடவை இலையோடு விடாமல் வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்தேன், வேரையும் காயவைத்து எண்ணெயில் காய்ச்சலாம் என்று ஒரு யோசனை. கடையில் காய்ந்த இடம் எது, தகரக் கூரைக்கு அடியில் மெத்தை அடுக்குக்கு மேலே, அங்கே கொடி கட்டிக் கட்டுக் கட்டாகத் தொங்கவிட்டிருக்கிறேன். பஞ்சு காய்கிற இடத்தில் எதுவும் காயும். இப்போது அண்ணாந்து பார்க்கிறேன், ஒரு காரமான பச்சை வாடை அடிக்கிறது. எனக்கே மூக்கைச் சுளிக்க வைக்கிறது. அப்படியென்றால் இதையும் வைக்கலாமே. அரிப்பை விரட்டுகிற செடி, பூச்சியை விரட்டுகிற செடி, பூனையை விரட்டாதா. ஸ்டூலைப் போட்டு ஏறி, கட்டை அவிழ்த்து, மெத்தையின் தலைமாட்டில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று, வேர் வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்தேன். ஆரஞ்சு வரப்பு, காபித் தாயத்து, தைல டப்பா, எலுமிச்சை, அதற்கு மேல் குப்பைமேனி. இதைத் தாண்டி எந்தப் பூனை வருகிறது என்று பார்க்கிறேன். ஸ்டூலிலிருந்து இறங்கும்போது வாசலில் சௌந்தரபாண்டி நிற்கிறான். எதிர்த்த வரிசையில் அவனும் மெத்தைக் கடைதான், மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிற்கிறான். "என்ன வீருசின்னக்கா, மெத்தைக் கடையா, தைலக் கடையா? தெரு முக்கு வரைக்கும் தூக்குதே." "ஒனக்குச் சளி பிடிச்சிருந்தா உள்ள வந்து ஒக்காரு, காசு வேணாம்" என்றேன். சிரித்தான். வழக்கமாக இவன் சிரித்தால் எனக்கு லாபம். இன்றைக்கு இல்லை. போகிறவன் போகாமல், "ஜைத்தூனு நம்ம கடைப் பக்கம் வந்துச்சு" என்றான், பல்லைக் குத்திக்கொண்டே. ஜைத்தூனைத் தன் கடைக்கு இழுக்க இவன் எத்தனையோ தடவை ஆள்விட்டவன். என்னத்துக்கு வந்தாள் என்று கேட்கலாம். கேட்டால் எனக்குத் தெரியாது என்பது அவனுக்குத் தெரிந்துவிடும். "வந்தா என்ன. தெரு பொதுதான" என்றேன். "அதுவுஞ் சரிதான்" என்று போய்விட்டான். என்னத்துக்கு வந்தாள். நூல் வாங்கவா. நூல் அவனிடம் எதற்கு. வேலை கேட்கவா. கேட்டிருந்தால் அவன் பல்லைக் குத்திக்கொண்டா சொல்லியிருப்பான், தாளம் போட்டுச் சொல்லியிருப்பான். இல்லை, அவனும் வியாபாரி, முடிந்த பேச்சை வெளியே காட்ட மாட்டான். முடிந்திருக்கிறது. முடிந்திருக்காது. நாளையிலிருந்து அந்தக் கடை வாசலில் தலையைக் குனிந்துகொண்டு அவள் ஊசி நூல் கோர்ப்பாள், நான் இங்கேயிருந்து பார்ப்பேன், நான் கத்துவேன், எதிரே ஒரு ஆளும் இருக்காது, சுவரைப் பார்த்துக் கத்த வேண்டும். சுவர் நூல் கோர்க்காது.

சாய்வாக உட்கார்ந்தவள் கண்ணை மூடியிருப்பேன் போலிருக்கிறது. உறக்கம் இல்லை, கண்ணை மூடிக்கொண்டு எதிர்க் கடை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதோ உர்ர் என்று சத்தம். ஈ என்று நினைத்தேன். கண்ணைத் திறந்தால் மெத்தையின் தலைமாட்டில் ரஸ்க்கு. ஆரஞ்சுத் தோலைத் தாண்டி, எலுமிச்சையைத் தாண்டி, எல்லாவற்றையும் தாண்டி வந்து குப்பைமேனிக் கட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடக்கிறது. வேரை முன்னங்கால் இரண்டாலும் அணைத்து முகத்தில் தேய்க்கிறது, மல்லாக்கப் புரள்கிறது, வாயோரம் எச்சில் ஒழுகுகிறது, கள்ளுக் குடித்தவன் மாதிரி கண் சொருகிக் கிடக்கிறது. செருப்பை எடுக்கக் கை போனது. அதற்குள் கூரை இடுக்கில் தகரம் கிரீச்சிட்டது. ஒரு கடுவன் பூனை. தெருவில் திரிகிற தடியன், ஒரு காது கிழிந்தவன், கன்னம் உப்பி, இவ்வளவு பெரிய தலை. அவன் நேராகக் கால்மாட்டுக் கட்டுக்கு இறங்கி வந்தான், என்னை ஒரு ஆளாகவே மதிக்கவில்லை, வேரை முகர்ந்தான், நக்கினான், தாடையைத் தேய்த்தான், ஒரு புரண்டு புரண்டான். பிறகு எழுந்து நின்று, திரும்பி, வாலைச் செங்குத்தாகத் தூக்கி, வால் நுனி நடுங்க, என்னுடைய ஆரஞ்சு வரப்பின் மேல் பீய்ச்சி அடித்தான். கடை வாசலில் முதலாளி தண்ணீர் தெளிக்கிற மாதிரி, அவ்வளவு உரிமையாக. காலையில் குத்திய அதே வீச்சம். அதே. "ஏய்!" என்று நான் போட்ட சத்தத்தில் கூரை வழியே பறந்துவிட்டான். ரஸ்க்கு மட்டும் போகவில்லை. வேரைக் கட்டிக்கொண்டு என்னைத் தலைகீழாகப் பார்த்தது. நான் செருப்பைக் கையில் பிடித்தபடி நிற்கிறேன். மெத்தையைத் தடவிப் பார்த்தேன், நனையவில்லை, தோல்தான் வாங்கிக்கொண்டது. தோலை எல்லாம் வாரிக் கூடையில் போட்டேன். குப்பைமேனி கொண்டுவந்து தொங்கவிட்டது எப்போது, கூரையில் தகரச் சத்தம் கேட்க ஆரம்பித்தது எப்போது, நடுவில் ஒரு நாள் ஜைத்தூன் "என்னமோ புதுப் பூனை வருதுக்கா" என்றது எப்போது. ஒன்றன் பின் ஒன்றாகக் கோர்த்துக்கொண்டு வருகிறது. இத்தனை வருஷம் மூட்டைக்குள் கையை விட்டு உருவிப் பார்த்தவள், தலைக்கு மேலே தொங்குவதை அண்ணாந்து பார்க்கவில்லை. பூனையை வாசலுக்கு வாசல் அழைப்பு வைத்துக் கூப்பிட்டவள் நான். விருந்துக்கு வந்தவனை விட்டுவிட்டு வீட்டுக்காரியைத் துரத்திவிட்டேன். வேர்க் கட்டுகளை எல்லாம் அள்ளிப் பின்வாசலுக்கு வெளியே, சாக்கடைக்கு அந்தப் பக்கம் வீசினேன். ரஸ்க்கு எழுந்து, சோம்பல் முறித்து, வெட்கமே இல்லாமல் என் காலில் உரசியது.

சாயங்கால அசர் பாங்கு சொல்லும்போது வந்தாள். ஆள் இல்லை, அவளே. கையில் மூடி வைத்த மூங்கில் கூடை. கோழி கொண்டுபோகிற கூடை, அதுவும் சௌந்தரபாண்டி கடையில் கிடக்கிற கூடை, பார்த்ததும் தெரிந்துவிட்டது. இதை வாங்கத்தான் போயிருக்கிறாள். மனசு ஒரு பக்கம் இறங்கியது, ஒரு பக்கம் ஏறியது. வேலைக்குப் போகவில்லை. ஆனால் கூடை கொண்டுவந்திருக்கிறாள். உள்ளே வந்து, அலமாரியிலிருந்து தூக்கை எடுத்து வைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து கூடையைத் திறந்து, "ரஸ்க்கு, வா" என்றாள். அது போய் அவள் மடியில் ஏறியது. நான் பேசவில்லை. முதலில் வாயைத் திறக்கிறவள் தோற்றவள். அவளும் பேசவில்லை, அவளுக்கும் தெரியும், எல்லாம் என்னிடம் கற்றதுதான். பூனையைக் கூடைக்குள் வைத்தாள். மூடப் போனாள். "ஏ புள்ள, அது பண்ணலடி" என்றேன். வந்துவிட்டது. "ஒரு கடுவன். காது கிழிஞ்சவன்." "தெரியும்" என்றாள், நிமிராமலே. "தெரியுமா?" "பொட்டப் பூன வாலத் தூக்கிப் பீச்சுமாக்கா? காலையில அதச் சொல்லத்தான் வாயெடுத்தேன். நீங்க விட்டீகளா?" விடவில்லை. "அவன இங்க கூட்டிட்டு வந்ததே நான்தான்" என்று குப்பைமேனி வேர்க் கதையைச் சொன்னேன், வேகமாக, விற்காத சரக்கைத் தள்ளிவிடுகிறவள் மாதிரி. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "குப்பமேனி வேரையா? மெத்தைக்கு மேலயா? எங்க அத்தா வேரப் புடுங்கிட்டு வந்தா எங்கம்மா வீட்டுக்குள்ளயே விடாதுக்கா, தெருப் பூன பூராவும் பின்னாடியே வரும்னு. பூனவணங்கின்னே சொல்லுவாங்க." "அத ஏன்டி எனக்குச் சொல்லல?" "மேல தொங்குறது கீரக்கட்டுன்னு நெனச்சேன். நீங்கதான் ஒங்க சாமானத் தொடவிட மாட்டீகளே." சிரிப்பு வந்த மாதிரி இருந்தது, ஆனால் நிற்கவில்லை. கூடை மூடியில் கையை வைத்தபடியே இருந்தாள். "குத்தம் யாருதுன்னு நான் கேக்க வரலக்கா. கடுவன்னு தெரிஞ்சதால இது தப்பிச்சுச்சு. தெரியாட்டி? அந்தப் பேச்சு எங்க போகும்?" "எந்தப் பேச்சு?" என்றேன், தெரியாதவள் மாதிரி. "பாலு." "அது கோவத்துல வந்தது. வாபஸ்." "எம்புட்டுக் கொறைக்கிறீக?" "முழுசா. ஒண்ணும் இல்ல. தள்ளுபடி." அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "கேட்ட ஒடனே முழுசாக் கொறைச்சான்னா சரக்குல ஏதோ சேதாரம் இருக்குன்னு நீங்கதான சொல்லுவீக."

சொல்வேன். சொல்லியிருக்கிறேன். வாங்குகிறவர்களிடம், விற்கிறவர்களிடம், இவள் எதிரே உட்கார்ந்து நூல் கோர்த்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். இன்னும் குறைக்க எதுவும் இல்லை, ஏற்றவும் முடியாது. சத்தியம் பண்ணலாம், சத்தியம் சந்தையில் மலிவு. காசு கூட்டித் தருகிறேன் என்று சொல்லலாம், சொன்னால் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். எழுந்தேன். டீக்கு வைத்திருந்த பால் மூலையில் பாத்திரத்தில் இருந்தது. பூனை குடிக்கிற கொட்டாங்குச்சி பின்வாசல் ஓரத்தில் கிடந்தது, எடுத்துத் துடைத்துப் பாலை ஊற்றினேன், கொண்டுவந்து அவள் முன்னால் உட்கார்ந்தேன். அவள் கை தானாகக் கூடை மூடியை அழுத்தியது. அந்த அழுத்தத்தை நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள். கொட்டாங்குச்சியை வாயில் வைத்து ஒரு மடக்குக் குடித்தேன். நார் உதட்டில் குத்தியது, பழைய மீன் வாடை அடித்தது, விழுங்கினேன். இன்னொரு மடக்கும் குடித்தேன். "அய்யய்ய, அக்கா! அது ரஸ்க்கு கொட்டாங்குச்சி!" என்று அவள் கையை நீட்டினாள். நான் வாயைத் துடைத்துக்கொண்டு மிச்சத்தைத் தரையில் வைத்தேன். கொஞ்ச நேரம் அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஏதோ ஆகிறதா என்று பார்க்கிற மாதிரி. பிறகு, "சீனி போட்டீகளா?" என்றாள். "பூனைக்கு எவளாவது சீனி போடுவாளாடி?" என்றேன். முதலில் சிரித்தது நான்தான்.

மூடியைத் திறந்துவிட்டாள். ரஸ்க்கு வெளியே குதித்து வந்து, பாலை நோக்கி வந்து, நடுவில் என் விரலை முகர்ந்தது. ஆரஞ்சு, எலுமிச்சை, காபி, தைலம், இன்னும் என்னென்னவோ. ஒரு தும்மல் போட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜைத்தூன் முதுகுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது. கொட்டாங்குச்சியை நான் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறேன். "கைய எடுங்கக்கா. போயி நல்லாக் கழுவிட்டு வாங்க, நாறுது. வந்து பஞ்ச அடைங்க, வெளிச்சம் இருக்கறப்பவே தச்சிரலாம்" என்றாள், ஊசி டப்பாவை இடுப்பிலிருந்து எடுத்தபடி. இந்தக் கடையில் என்னை ஒருவர் வேலை ஏவுவது இதுதான் முதல் தடவை. குழாயடியில் நிற்கிறேன். சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் தேய்க்கிறேன். முகர்ந்து பார்க்கிறேன். இன்னும் போகவில்லை, மறுபடி தேய்க்கிறேன். உள்ளே பூனை பால் நக்குகிற சத்தம் கேட்கிறது.